அமைச்சரை வினவும் உரிமை



வினவுதல் கல்வியின் வாயில் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆசிரியரை வினவாத மாணவன் பாதி கற்றவனே ஆவான். ஆள்வோரை வினவாத நாடும் பாதி விடுதலை பெற்ற நாடே ஆகும். தேர்தல் நாளன்று வாக்குச்சீட்டைப் போடுவதோடு குடிமக்களின் உரிமை முடிந்துவிடுவதில்லை. அவர்களுடைய வாக்கினைப் பெற்று மன்றத்துக்குச் செல்லும் உறுப்பினர், அவர்கள் சார்பில் அமைச்சரை நோக்கி, 'இந்தப் பணம் எவ்வாறு செலவாயிற்று? இந்தக் குளம் ஏன் தூர்வாரப்படவில்லை? இந்த இழப்புக்கு யார் பொறுப்பு?' என்று எழுத்துமூலம் கேட்கிறார். அமைச்சரும் விடையளிக்கக் கடமைப்பட்டிருக்கிறார். பார்வைக்கு எளிய ஏற்பாடு. ஆனால் இதனைப் பெறுவதற்கு நம் முன்னோர் பல ஆண்டுகள் போராடினர். அவ்வரலாற்றையும், அவ்வுரிமை இன்று நடைபெறும் முறையையும், அதற்கு நேரக்கூடிய கேடுகளையும் உங்களுக்குச் சொல்ல எண்ணுகிறேன்.

நான் வாழும் ஊர் சாயர்புரம். ஜி. யு. போப் 1840-களில் பள்ளி நடத்திய ஊர் அது. அங்கிருந்து சில கல் தொலைவில் இருப்பது கொற்கை. பாண்டியரின் முத்துத் துறையாக விளங்கிய கொற்கை, இன்று கடல் விலகிப்போன ஒரு சிற்றூர். கொற்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலப்பதிகாரத்து வழக்குரை காதை நினைவுக்கு வரும். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துக்கள். கண்ணகியின் சிலம்பில் இருந்தவை மாணிக்கங்கள். அந்த வேறுபாடு ஒன்றே வழக்கைத் தீர்த்தது. தன்னந்தனியாக அரசவைக்குள் புகுந்து, ஆண்டவனையே குற்றவாளியாக்கிய பெண் அவள். பாண்டியனும் தன் பிழையை உணர்ந்தான், உயிரையும் விட்டான்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். கண்ணகி வினவியது துணிவினால். சட்டம் தந்த உரிமையினால் அன்று. மன்னன் விடையளித்தது அவனுடைய நேர்மையினால். விதி ஒன்று கட்டளையிட்டதனால் அன்று. வாயிற்காவலன் தடுத்திருந்தால் அவ்வினா தெருவிலேயே மடிந்திருக்கும். நல்ல மன்னன் வாய்த்தால் நீதி உண்டு, வாய்க்காவிட்டால் இல்லை என்னும் நிலையிலிருந்து, ஆள்பவர் எவராயினும் விடை சொல்லியே தீரவேண்டும் என்னும் நிலைக்கு உலகம் வந்து சேர்ந்ததே நாம் பார்க்கப்போகும் வரலாறு.

இங்கிலாந்து நாட்டில், பாராளுமன்றத்தில் அமைச்சரை நோக்கி எழுப்பப்பட்டதாகப் பதிவான முதல் வினா 1721-ஆம் ஆண்டுக்குரியது. அக்காலத்தில் 'தென்கடல் கம்பெனி' என்னும் வாணிபக் கம்பெனியின் பங்குகளை வாங்கி எண்ணற்ற மக்கள் பணத்தை இழந்தனர். அக்கம்பெனியின் காசாளர் ராபர்ட் நைட் என்பவர் நாட்டைவிட்டே ஓடிவிட்டார். பிரபுக்கள் சபையில் கௌப்பர் பிரபு எழுந்து, 'அவர் பிரஸ்ஸல்ஸ் நகரில் பிடிபட்டார் என்கிறார்களே, அஃது உண்மையா?' என்று வினவினார். ஆட்சிப் பொறுப்பில் இருந்த சண்டர்லாந்து பிரபு அதற்கு விடை கூறினார். மக்களின் பணம் எங்கே என்பதே அம்முதல் வினாவின் உட்பொருள். நாளடைவில் இது வழக்கமாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வினாக்களை முன்கூட்டியே அச்சிட்டு வழங்கும் முறையும் ஏற்பட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நமக்கென ஒரு சபை இல்லாத காலத்தில், நம் குறையைக் கடல் கடந்து போய்த்தான் சொல்ல வேண்டியிருந்தது. 1852-ஆம் ஆண்டில் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 'சென்னை சுதேசி சங்கம்' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். நிலவரி வசூலிக்கும் சிப்பந்திகள் குடியானவர்களைச் சித்திரவதை செய்து பணம் பறிக்கிறார்கள் என்று அச்சங்கம் லண்டன் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பம் அனுப்பியது. டான்பி செய்மூர் என்னும் பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் சென்னை மாகாணத்துக்கு நேரில் வந்து, செட்டியாரோடு ஊர் ஊராகச் சென்று நிலைமையைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டில் காமன்ஸ் சபையில் இச்செய்தி எழுப்பப்பட்டது. கம்பெனி அரசு அதனை மறுத்துப் பார்த்தது. பின்னர் விசாரணைக் குழு ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. அக்குழு 1855-இல் அளித்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மையே என்று ஒப்புக்கொண்டது. வெயிலில் குனிய வைத்து நிறுத்தியதும், விரல்களைக் கிட்டியால் நெரித்ததும் அரசாங்க ஏட்டிலேயே இடம் பெற்றன.

மாணவர்களே, இங்கே ஓர் உண்மையைக் கவனியுங்கள். கொடுமை ஊரறிந்ததுதான். ஒவ்வொரு கிராமத்துச் சாவடியும் அதற்குச் சாட்சி. எனினும் விடை சொல்லக் கடமைப்பட்ட ஓரிடத்தில் அது வினாவாக எழுப்பப்படும்வரை, அரசாங்கத்தின் கண்ணுக்கு அது நடக்காத ஒன்றாகவே இருந்தது.

1853-ஆம் ஆண்டுச் சாசனச் சட்டத்தின்படி கல்கத்தாவில் சட்டம் இயற்றும் சபை ஒன்று விரிவாக அமைக்கப்பட்டது. டல்ஹௌசி பிரபு அதனை ஒரு சிறிய பாராளுமன்றம்போல் நடக்க விட்டார். அதில் இந்தியர் எவரும் இல்லை. உறுப்பினர் அனைவரும் ஆங்கிலேய அதிகாரிகளும் நீதிபதிகளுமே. அவர்கள்கூட நிருவாகத்தை நோக்கி வினாக்களை எழுப்பத் தொடங்கியதும் லண்டனில் இருந்த மேலாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஆகவே 1861-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழியை அடைத்துவிட்டது. சபை சட்டம் இயற்றலாம். அதற்குமேல் எதனையும் கேட்கலாகாது. அச்சட்டத்தின் வழியே இந்தியர் சிலர் சபைக்குள் நுழைந்தனர். நாற்காலி கிடைத்தது; ஆனால் வினவும் உரிமை கிடைக்கவில்லை.

1885-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பம்பாயில் காங்கிரசு மகாசபை முதன்முறையாகக் கூடியது. வந்திருந்த பிரதிநிதிகள் 72 பேர். முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் நம் சென்னையைச் சேர்ந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். மூன்றாவது தீர்மானம் சட்டசபைகளை விரிவாக்க வேண்டும் என்று கேட்டது. வரவுசெலவுத் திட்டத்தைச் சபையின் முன் வைக்கவேண்டும். நிருவாகத்தின் எல்லாத் துறைகளையும் பற்றி அரசினரை வினவ உறுப்பினருக்கு உரிமை வேண்டும் என்பதும் அத்தீர்மானத்தின் பகுதி. நாட்டின் முதல் அரசியல் மாநாட்டிலேயே வினவும் உரிமை கேட்கப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

ஏழாண்டுகள் கழித்து, 1892-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வுரிமையை ஓரளவுக்கு வழங்கியது. வினாவை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும், செய்தி கேட்பதாக மட்டுமே அது அமையவேண்டும், வாதம் கூடாது. விடை வந்தபின் அதுபற்றி மேலும் ஒரு சொல் பேசலாகாது. தலைவர் விரும்பினால் வினாவைக் காரணம் கூறாமலேயே தள்ளிவிடலாம். உரிமை வந்தது, ஆனால் கால்களில் தளையோடு வந்தது.

அவ்வுரிமையின்படி இந்தியாவில் கேட்கப்பட்ட முதல் வினா எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? போரைப் பற்றியதா? பெரிய வரியைப் பற்றியதா? இல்லை. 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், பிங்கா நாட்டு மகாராஜா அவ்வினாவை எழுப்பினார். அரசாங்க அதிகாரிகள் சுற்றுப்பயணம் செய்து கூடாரமடிக்கும் இடங்களில், அவர்களுடைய முகாமுக்கு வேண்டிய பண்டங்களைக் கொடுக்க வேண்டியிருப்பதனால் கிராமத்துக் கடைக்காரர்கள் படும் தொல்லையைப் பற்றியது அது. அரிசி, பருப்பு, நெய், விறகு, கோழி ஆகியவை பற்றிய செய்தி! பெரிய அவையில் இச்சிறு பொருளா என்று நகைத்தாரும் இருந்திருக்கலாம். எனக்கோ அது மிகப் பொருத்தமான தொடக்கமாகவே தோன்றுகிறது. வினவும் உரிமை யாருக்காக ஏற்பட்டது? அதிகாரியிடம் 'விலை கொடு' என்று நேரில் கேட்க அஞ்சிய அந்தக் கடைக்காரருக்காகவே ஏற்பட்டது.

1909-ஆம் ஆண்டின் மின்டோ - மார்லி சீர்திருத்தத்தில் ஒரு தளை அவிழ்ந்தது. விடையைக் கேட்டபின், வினாவை எழுப்பிய உறுப்பினர் மேலும் ஒரு துணை வினா கேட்கலாம் என்றாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1921-இல் புதிய சபைகள் கூடியபோது, எந்த உறுப்பினரும் துணை வினா எழுப்பலாம் என்னும் நிலை வந்தது. வாய்மொழி விடை வேண்டும் வினாக்களுக்கு நட்சத்திரக் குறியிடும் வழக்கமும் அப்போதுதான் தோன்றியது. துணை வினா என்பது சிறிய செய்தி அன்று. முதல் வினாவுக்குரிய விடையைச் செயலகத்தார் எழுதிக் கொடுத்துவிடுவர், அமைச்சர் படித்துவிடுவார். துணை வினாவுக்கோ அமைச்சரே விடை சொல்ல வேண்டும். தம் துறையை அவர் அறிந்திருக்கிறாரா இல்லையா என்பது அந்த நொடியில் வெளிப்பட்டுவிடும்.

சென்னைச் சட்டசபையில் 1920-களில் ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் முதலியோர் வீற்றிருந்தனர். பொதுச் சாலையில் நடக்கவும், பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும், பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கவும் தம் மக்களுக்குள்ள தடைகளை அவர்கள் மன்றத்தில் எழுப்பினர். பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை எல்லாரும் பயன்படுத்தலாம் என்று சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் 1924-இல் நிறைவேறியது. தெருவுக்குள் நுழையவிடாதவர்களைப் பற்றி, அரசாங்கம் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ விடை சொல்ல வேண்டிய நிலை அப்போது வந்தது.

இக்கலையில் தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்தவர் தீரர் சத்தியமூர்த்தி. 1887-இல் திருமயத்தில் பிறந்தவர். 1923 முதல் சென்னைச் சட்டசபையிலும், 1934-ஆம் ஆண்டுத் தேர்தலுக்குப் பின் டில்லியில் மத்திய சட்டசபையிலும் பணியாற்றினார். அங்கே காங்கிரசுக் கட்சியின் துணைத் தலைவரும் அவரே. அமர்ந்திருந்தவர்களோ வைசிராயின் நிருவாகக் குழுவினர்; வாக்குகளால் அவர்களை நீக்க முடியாது. நீக்க முடியாதவர்களை என்ன செய்வது? விடை சொல்ல வைக்கலாம். சத்தியமூர்த்தி அரசாங்க அறிக்கைகளைக் கரைத்துக் குடித்துவிட்டு அவைக்கு வருவார். வினா சிறியதாக இருக்கும். அதனைத் தொடர்ந்து துணை வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வினா நேரம் என்றாலே அரசுத் தரப்பினர் அஞ்சும்படி செய்த பெருமை அவருக்குண்டு. ஆட்சியைப் பிடிக்காமலே ஆட்சியை நடுங்க வைக்கலாம் என்பதற்கு அவரே சான்று.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்கிறது. 164-ஆம் பிரிவு மாநிலங்களுக்கும் அவ்வாறே கூறுகிறது. பொறுப்பு என்னும் அச்சொல்லுக்கு அன்றாடம் உயிர் தருவது வினா நேரமே.

அது நடைபெறும் முறையைச் சற்று விளக்குகிறேன். மக்களவையில் உறுப்பினர் தம் வினாவைக் குறைந்தது 15 நாள் முன்னதாக எழுத்தில் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாக விடை சொல்வார். துணை வினாவும் உண்டு. ஒரு நாளைக்கு அத்தகைய வினாக்கள் 20. குறியிடாத வினாவுக்கு எழுத்திலேயே விடை வரும். அவை ஒரு நாளைக்கு 230 வரை இடம்பெறும். வினா பொதுவாக 150 சொற்களுக்கு மிகாமல் இருக்கவேண்டும். வசைமொழி, ஏளனம், அடைமொழிகள் கூடா. கற்பனையான நிலையைப் பற்றிக் கேட்கலாகாது. அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்கலாகாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடலாகாது. இவ்விதிகளைப் படிக்கும்போது, கட்டுரைப் பயிற்சிக்கு இவற்றைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை என்றே ஆசிரியனாகிய எனக்குத் தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துப் பார்ப்போம். நம் மன்னார் வளைகுடாவில் அரசின் மேற்பார்வையில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். அதனைப் பற்றி ஓர் உறுப்பினர் வினா எழுப்புவதாகக் கொள்வோம். அவர் இவ்வாறு எழுதுவார்: '(அ) மன்னார் வளைகுடாவில் 1961-க்குப் பின் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை என்பது அரசுக்குத் தெரியுமா? (ஆ) தெரியுமெனில், முத்துச் சிப்பிப் பார்கள் கடைசியாக எப்போது ஆய்வு செய்யப்பட்டன? (இ) அவ்வாய்வின் முடிவு யாது? (ஈ) பார்களைக் காக்க அரசு எடுத்துள்ள நடவடிக்கை யாது?' இவ்வளவே. ஒரு கண்ணீர்த் துளி இல்லை. ஒரு கோபச் சொல் இல்லை. ஆயினும் இந்நான்கு வரிகளும் தலைநகரில் ஓர் அலுவலக மேசைக்கு வந்தவுடன் என்ன நிகழும்? கோப்பு திறக்கப்படும். துறைச் செயலாளர் இயக்குநரைக் கேட்பார். இயக்குநர் தூத்துக்குடி அலுவலகத்தைக் கேட்பார். அங்குள்ளவர் பழைய பதிவேடுகளைப் புரட்டுவார். தேவையானால் படகேறிப் போய்ப் பார்ப்பார். ஆண்டுக் கணக்கில் யாரும் தொடாத ஏடு, குறித்த நாளுக்குள் விடை சொல்லவேண்டும் என்பதனால் தூசி தட்டப்படும். விடை வருவதற்கு முன்பே வினா பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

நன்னூல் படித்த மாணவர்களுக்கு வினா ஆறு வகை என்பது நினைவிருக்கும்: அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. மன்றத்து வினாக்களை இவ்வரிசையில் வைத்துப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் அவை அறியாவினாக்கள். உண்மையில் பல அறிவினாக்களே. உறுப்பினருக்கு விடை தெரியும். அது அமைச்சரின் வாயிலிருந்தே வந்து பதிவாகவேண்டும் என்பதே அவர் நோக்கம். 'எங்கள் வட்டத்துக்கு மருத்துவமனை உண்டா?' என்பது கொளல் வினா. 'வடிகால் வாய்க்கால் தூர்வாரப்பட்டதா?' என்பது வினாபோல் நிற்கும் ஏவல்.

விடைகளை நன்னூலார் எட்டு வகையாகப் பிரித்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் செவ்விய விடைகள். ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி என்னும் ஐந்தும் சுற்றி வந்து விடையை உணர்த்துவன. அமைச்சர்கள் செவ்விய விடையை விட்டுப் பிற ஐந்தனுள் புகுந்துகொள்வதும் உண்டு. கேட்டது ஒன்றாக, 'அதற்கு இனமான வேறொரு திட்டத்தில் இவ்வளவு செலவிட்டோம்' என்பார் ஒருவர். 'உங்கள் ஆட்சியில் என்ன செய்தீர்கள்?' என்று திருப்பிக் கேட்பார் மற்றொருவர். 'தகவல் திரட்டப்பட்டு வருகிறது', 'அரசின் ஆய்வில் உள்ளது' என்பன எல்லாக் கட்சியினரும் கையாண்ட தொடர்கள்.

ஆனால் அவ்வாறு தப்பிச் செல்வதற்கும் ஓர் அணை போடப்பட்டுள்ளது. அமைச்சர் அவையில் 'கவனிக்கப்படும்', 'தகவல் பின்னர் தரப்படும்' என்று சொன்னால், அஃது ஓர் உறுதிமொழியாகக் குறித்துக்கொள்ளப்படும். அவ்வுறுதிமொழிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதற்கென்றே மக்களவையில் 1953-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் ஒரு குழு ஏற்படுத்தப்பட்டது. சொன்ன சொல்லுக்குக் கணக்குக் கேட்கும் குழு அது.

ஒரே ஒரு வினா எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு முந்திரா விவகாரத்தைக் கூறுவர். ஆயுள் காப்பீட்டுத் தொழிலை நாட்டுடைமையாக்கி, 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. ஏழை எளியவர்கள் மாதந்தோறும் சிறுகச் சிறுகக் கட்டும் பணம் அதன் கையில் சேர்ந்தது. 1957-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கழகம், ஹரிதாஸ் முந்திரா என்பவரின் ஆறு கம்பெனிகளில் ஏறத்தாழ 1 கோடியே 24 இலட்சம் ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. அக்கம்பெனிகளோ தள்ளாடும் நிலையில் இருந்தவை. அவ்வாண்டு செப்டம்பர் 4-ஆம் நாள் மக்களவையில் இதுபற்றி ஒரு வினா எழுந்தது. எழுப்பியவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர். ஆளுங்கட்சியைச் சேர்ந்த ராம் சுபாக் சிங், பெரோஸ் காந்தி ஆகியோர். பெரோஸ் காந்தி பிரதமர் நேருவின் மருமகனும் ஆவார். கிடைத்த விடை நிறைவு தரவில்லை. அதனை விடாமல் பற்றிக்கொண்டு, டிசம்பர் 16-இல் பெரோஸ் காந்தி அவையில் விரிவாகப் பேசினார். பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளா விசாரணைக்கு அமர்த்தப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. தம் செயலாளர் செய்த செயலுக்கும் அமைச்சரே பொறுப்பு என்பது அவர் கண்ட முடிவு. 1958-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிதியமைச்சர் பதவி விலகினார்.

அந்நிதியமைச்சர் யார் தெரியுமா? நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய வரைவுக்குழுவில் இடம்பெற்றவர், பேரறிவாளர். பின்னர் 1962-இல் நம் கடற்கரைத் திருச்செந்தூர்த் தொகுதியிலிருந்து போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு மீண்டும் அமைச்சரானார். அவரைச் சிறுமைப்படுத்துவதற்காக இதனைச் சொல்லவில்லை. அறிவாலும் அனுபவத்தாலும் உயர்ந்தவரும், பிரதமரின் நம்பிக்கைக்கு உரியவரும்கூட ஒரு வினாவுக்குமுன் நிற்கவேண்டியிருந்தது என்பதற்காகவே சொல்கிறேன். 1721-இல் கௌப்பர் பிரபு கேட்டதும், 1957-இல் டில்லியில் கேட்கப்பட்டதும் ஒன்றே: மக்களின் பணம் எங்கே?

நான் உதவி ஆசிரியனாகப் பணியாற்றிய ஒரு பள்ளியில் மாணவர் மன்றம் நடத்தி வந்தோம். மாணவர்களே அமைச்சர்கள், வெள்ளிக்கிழமை மாலைதோறும் வினா நேரம். குடிநீர் நன்றாக இல்லை என்று பலர் பலநாள் முறையிட்டிருந்தனர்; பயன் ஒன்றும் விளையவில்லை. ஒரு நாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சுகாதார அமைச்சருக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டாள். 'நம் பள்ளித் தண்ணீர்த் தொட்டி கடைசியாக எந்தத் தேதியில் கழுவப்பட்டது?' என்பதே அவள் கேட்டது. பத்தாம் வகுப்பில் படித்த அந்த அமைச்சன் அலுவலகத்தில் போய்க் கேட்டான்; காவலாளியைக் கேட்டான்; பதிவேட்டைப் பார்த்தான். தேதி எங்கும் இல்லை. மன்றத்தில் எழுந்து, 'தேதி குறித்து வைக்கப்படவில்லை' என்று விடை சொன்னான். அவ்வளவில் மன்றம் அமைதியாகிவிட்டது. மறுநாள் சனிக்கிழமை தொட்டி கழுவப்பட்டது. கழுவிய தேதியைத் தொட்டிச் சுவரிலேயே எழுதும் வழக்கமும் அன்று தொடங்கியது. முறையீட்டுக்கு 'ஆகட்டும்' என்று சொல்லி அனுப்பிவிடலாம். தேதி கேட்கும் வினாவுக்கு ஒரு தேதியைத்தான் சொல்ல வேண்டும். அல்லது தேதி இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, இவ்வுரிமைக்கு நேர்ந்த கேடுகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

முதலாவது, விற்பனை. 1951-ஆம் ஆண்டிலேயே, இடைக்காலப் பாராளுமன்ற உறுப்பினர் எச். ஜி. முட்கல் என்பவர், பம்பாய் வணிகர் சங்கம் ஒன்றின் சார்பில் மன்றத்தில் செயற்படப் பணம் பெற்றார் என்பது விசாரணையில் வெளிப்பட்டது. அவர் பதவியை விட்டு விலகினார். 2005-ஆம் ஆண்டு டிசம்பரில், வினா எழுப்பக் கைக்கூலி வாங்கியதைச் செய்தியாளர்கள் மறைவாகப் படம்பிடித்துக் காட்டினர். மக்களவை உறுப்பினர் 10 பேரும், மாநிலங்களவை உறுப்பினர் ஒருவரும் அம்மாதமே நீக்கப்பட்டனர். மக்களின் நாவாக இருக்க வேண்டியது கூலிக்கு அசைந்தால், அதனினும் பெரிய இழிவு வேறில்லை.

இரண்டாவது, நிறுத்தம். 1962-இல் சீனப் படையெடுப்பின்போது கூடிய கூட்டத்தொடரில் வினா நேரம் நீக்கப்பட்டது. 1975-இல் நெருக்கடி நிலையின்போது கூடிய கூட்டத்தொடரிலும் வினாக்களுக்கு இடமில்லை. 2020-ஆம் ஆண்டு செப்டம்பரில் கொரோனா நோய் காரணமாக வாய்மொழி வினா நேரம் கைவிடப்பட்டு, எழுத்துமூல விடைகள் மட்டும் வழங்கப்பட்டன. நெருக்கடியில் நேரம் குறைவு என்பது உண்மையே. ஆனால் நெருக்கடியில்தான் வினவ வேண்டியவை மிகுதி என்பதும் உண்மை.

அந்த 2020-ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரே எழுத்துமூல வினாவின் வலிமையையும் காட்டிற்று. ஊரடங்கின்போது ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளருள் இறந்தவர் எத்தனை பேர் என்று உறுப்பினர்கள் கேட்டனர். அத்தகைய கணக்கு பேணப்படவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் எழுத்தில் விடையளித்தது. சில நாட்களில் மாநிலங்களவையில் வேறொரு வினாவுக்கு, தொழிலாளருக்கென ஓடிய சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்தனர் என்று ரயில்வே அமைச்சர் விடை தந்தார். 'கணக்கு இல்லை' என்பதும் ஒரு விடையே. நாடு அதனைப் படித்தது. அது வரலாற்றில் பதிவாகிவிட்டது. நாளை இக்காலத்தின் வரலாற்றை எழுதப்போகும் மாணவன் அவ்விரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பான்.

மூன்றாவது கேடு, நாமே இவற்றைப் படியாமை. அவையில் கூச்சலிட்டால் அது செய்தியாகிறது. குறியிடாத வினாவுக்குக் கிடைத்த எழுத்து விடை, மேசைமேல் வைக்கப்பட்டு அப்படியே மறக்கப்படுகிறது. அவ்விடைகளில் நம் பள்ளிகளின் ஆசிரியர் காலியிடங்கள் இருக்கின்றன. நம் மீனவர் கடலில் கைதான கணக்கு இருக்கிறது. துறைமுகத்துக்கு ஒதுக்கிய பணம் இருக்கிறது. அரசாங்கம் தன் கைப்பட எழுதி ஒப்புக்கொண்ட செய்திகள் அவை. முன்பெல்லாம் நூலகத்தில் தேடித்தான் அவற்றைப் படிக்க முடியும். இன்று இரு அவைகளின் வினா விடைகளும் இணையத்தில் எவரும் காணக் கிடைக்கின்றன. 2005-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தகவல் அறியும் உரிமைச் சட்டம், மன்ற உறுப்பினர்க்கே உரியதாயிருந்த வினவும் உரிமையின் ஒரு பகுதியைச் சாதாரணக் குடிமகனுக்கும் வழங்கியது. பத்து ரூபாய்க் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எவரும் இன்று ஓர் அலுவலகத்தை வினவலாம்.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு நான் தரும் வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. உங்கள் தொகுதி உறுப்பினர் சென்ற கூட்டத்தொடரில் என்னென்ன வினாக்களை எழுப்பினார் என்று தேடிப் பாருங்கள். அவற்றுள் ஒன்றை எடுத்து, அதற்குக் கிடைத்த விடை நன்னூலார் கூறிய எட்டனுள் எவ்வகை என்று வகுப்பில் ஆராயுங்கள். பின்னர் உங்கள் ஊரைப் பற்றி, 150 சொற்களுக்கு மிகாமல், வசையின்றி, ஐயத்துக்கு இடமின்றி, ஒரு வினாவை எழுதுங்கள். எழுதியதை உங்கள் உறுப்பினருக்கே அனுப்பி வையுங்கள்.

வினா கேட்பவன் பகைவன் அல்லன். விடை சொல்லும் கடமையை ஆள்வோருக்கு நினைவூட்டுகிறவன் ஆட்சியைத் திருத்த உதவுகிறவனே. 1893-இல் அதிகாரியின் முகாமுக்கு அஞ்சி நின்ற கிராமத்துக் கடைக்காரரின் குறை, நாட்டின் பேரவையில் ஒரு வினாவாக ஒலித்தது. அவரைப்போல் வாய் திறக்க அஞ்சி நிற்பவர் இன்றும் நம் ஊர்களில் உளர். அவர்களுக்காக வினவக் கற்றுக்கொள்ளுங்கள்.